பச்சை என்று தொடங்கிய பெயர்கள்

வெங்காயம் சிவந்து தக்காளியும் கரைந்துவிட்டது. இஞ்சி பூண்டு விழுதைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டுவிட்டு, பசி அவசரத்தில் அடுப்பை அணைக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பகல். என் வீட்டில் சமைப்பவனும் சாப்பிடுபவனும் நான் ஒருவன்தான். வாணலிக்கு மேல் குனிந்து முகர்ந்தேன். பூண்டின் பச்சை வாசனை இன்னும் போகவில்லை. "எறக்காத மச்சி, பச்சையா கீது" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் இல்லாத சமையலறையில் அது உன் குரல் மாதிரியே கேட்டது. சாப்பிட்டு முடித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ கண் மூடி ஐந்து வருடம் ஆகிறது. நான் கடிதம் எழுதாதவன் அல்ல. ஆனால் எழுதுவதெல்லாம் புகார்: வங்கிக்கு, அடுக்ககச் சங்கத்துக்கு, மாடியில் குடியிருக்கும் மனிதருக்கு. இது புகார் அல்ல. முழுக்க அல்ல.

தொண்ணூற்றேழில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல் மாடி. கீழே தட்டு விழுந்தால் மேலே நமக்குத் தூக்கிப் போடும். நான் எம்.சி.ஏ., பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். முதலிடம் யாருக்குப் போனது, எப்படிப் போனது என்பதை உனக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். நீ நந்தனத்தில் பி.ஏ. வரலாறு படித்தவன். பாண்டி பஜார் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் ஆறு மாதம் பயின்று வந்திருந்தாய். உன்னையும் என்னையும் ஒரே மேஜையில் உட்கார வைத்ததே எனக்கு அவமானமாக இருந்தது. உன்னிடம் அதை மறைக்கவும் இல்லை. நீ அதற்குப் பழிவாங்கிய விதம், கடைசி வரை என்னை "இன்னா எம்சிஏ" என்று கூப்பிட்டதுதான்.

பெர்ல் என்ற கணினி மொழியில் நிரல் எழுதினோம். சின்னச் சின்ன வேலைகளைச் சட்டென்று முடிக்கப் பிறந்த மொழி. அதில் எந்த விவரத்தைச் சேமித்து வைத்தாலும் அதற்கு ஒரு பெயர் சூட்டி, பெயருக்கு முன்னால் டாலர் குறி போட வேண்டும். "நம்ம சம்பளத்துக்கு டாலர இங்கதான் நைனா பாக்க முடியும்" என்பாய். என்ன பெயர் சூட்டினாலும் இயந்திரத்துக்குக் கவலை இல்லை. பிறகு அதைப் படிக்கப்போகும் மனிதனுக்குத்தான் கவலை.

நம் மேலாளருக்கு வேறொரு கவலை. தப்பு நடந்தால் யார் கழுத்தைப் பிடிப்பது? அதற்காக அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஆளுக்கு ஓர் எழுத்து. உனக்கு கே, எனக்கு எஸ். நாம் உண்டாக்கும் ஒவ்வொரு பெயரும் அந்த எழுத்தும் ஒரு வரிசை எண்ணும்தான். கே 1, கே 2, கே 3. "பேரைப் பாத்தா ஆள் தெரியணும்" என்று வாரம் ஒருமுறையாவது சொல்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா என்று நீ கேட்டதற்கு, "அது எழுதினவனுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார்.

"கே ஏழாம், கே பதினேழாம். ஜெயில்ல கைதிக்குக் குத்தற நம்பர் மாதிரி கீது மச்சி" என்று என் காதில் கிசுகிசுத்தாய். எனக்கு அந்த முறையில் குறை ஒன்றும் தெரியவில்லை. நான்தான் தப்பே செய்யமாட்டேனே.

உன் அப்பா கல்யாணங்களுக்கு பிரியாணி ஆக்குபவர். சிந்தாதிரிப்பேட்டையில் உங்கள் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்த அண்டாக்களைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சமைக்கும் மண்டபத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். நான் சைவம் என்று முறைத்தேன். "துன்னவா கூப்டேன்? பாக்கத்தான் கூப்டேன்" என்றாய். அங்கே இரண்டு வகைக் கரண்டிகள். பச்சைக் கறியைக் கிளறுகிற கரண்டிகளின் காம்பில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. வெந்ததில் போடும் கரண்டிகள் வெறும் காம்பு. நாலு அடுப்பு எரிகிறது, எட்டுப் பேர் ஓடுகிறார்கள், புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அந்தக் களேபரத்தில் துணி சுற்றிய கரண்டி ஒன்று வெந்த அண்டாவின் பக்கம் நீண்டது. மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிடித்திருந்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. கரண்டி திரும்பியது, வேலை நடந்தது.

மறுநாள் அலுவலகத்தில் நீ சொன்னாய்: "பேருன்றது இன்னா மச்சி, கரண்டில சுத்தற துணி. வெளியேர்ந்து வந்தது எல்லாம் பச்சைனு ஆரம்பிக்கணும். சரி பாத்தப்புறம் வெந்ததுனு ஆரம்பிக்கணும். தப்பு தானா கண்ல குத்தும்."

இதை மேலாளரிடமும் போய்ச் சொன்னாய். அவர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். "என்னய்யா இது, சமையல் குறிப்பா? நாளைக்கு உப்பு, புளின்னு பேர் வெப்பியா?" அறையே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். நீ திரும்பி என்னை மட்டும் ஒருமுறை பார்த்தாய். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கே 43 என்று தட்ட ஆரம்பித்தாய்.

அந்த வருடம் அடையாற்றில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடம் நமக்குக் கிடைத்தது. வேலை எளிது. முடிவுகளை ஒரு பெண் கணினியில் தட்டுவார். கூடத்தின் தலைவியான மேடம் அவற்றைத் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பிழை இருந்தால் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் டிக் போடுவார். டிக் விழுந்ததைத்தான் நம் நிரல் அச்சிட வேண்டும். அச்சிடும் பகுதி முழுவதும் நீ எழுதியது, அதாவது முழுக்க கே. மேடம் மயிலாப்பூர்க்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணினியைத் தொட்டால் கை கழுவுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, மருத்துவமனை இயக்குநருக்கு அதைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. நீ அன்று உன் தங்கையின் நிச்சயதார்த்தம் என்று விடுப்பு. மேலாளரும் நானும் போனோம். போய்ப் பார்த்தால் மேடமும் விடுப்பு. டிக் போட ஆள் இல்லை, அதனால் ஒரு தாளும் அச்சாகாது. இயக்குநர் வரப் பத்து நிமிடம் இருந்தது. மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, நிரலைத் திறந்து, ஒரு வரியில் எதையோ அழித்து எதையோ தட்டினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "டெமோவுக்குத்தானே. அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். தாள்கள் கடகடவென்று வந்தன. இயக்குநர் கைகொடுத்தார். மேலாளர் அதைத் திரும்ப மாற்ற மறந்தார்.

புதன்கிழமை ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் ரத்த வகை தவறாக அச்சானது. தட்டிய பெண் செய்த பிழையை மேடம் காலையிலேயே திருத்தி டிக் போட்டிருந்தார். ஆனால் தாளில் வந்தது பழைய பிழை. கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு முறை பதிவேட்டைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்ததால் அது அந்தக் கர்ப்பிணியிடம் போகவில்லை. தொலைபேசியில் மேடம் பேசியது அறையின் மறுகோடிவரை கேட்டது.

மேலாளர் போனை வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டார். "பிரிண்ட் பண்ற பார்ட் பூரா கே. கே யாரு?" என்றார். நீ கையைத் தூக்கினாய். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அடையாறு போறேன். ஆளை எடுத்துட்டோம்னு லெட்டர் குடுக்கணும். அதுக்குள்ள தப்பை நீயே கண்டுபிடிச்சா, மன்னிப்புக் கடிதத்தோட விட்டுடறேன்."

உனக்கு அப்போது தங்கையின் கல்யாணம் இருந்தது. அப்பாவுக்கு முழங்கால் போய், அண்டா தூக்க முடியாமல் பாதி வேலைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன் நீ ஒருவன்தான். எனக்கு எல்லாம் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். அந்த மாதம் என்னைக் குழுத் தலைவன் ஆக்குவதாக அவர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை. நீ இரண்டு நாள் நிரலை அச்சடித்த தாள்களை வைத்துக்கொண்டு கண் சிவக்கப் பார்த்தாய். கே 7, கே 17, கே 27 என்று வரிசையாக எறும்பு மாதிரி போகிறது. எந்த எறும்பு தப்பு என்று யாருக்குத் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பிரதியும் இல்லை. நம்மிடம் ஒரே ஒரு ஃப்ளாப்பி, பழையதன் மேலேயே புதியதை எழுதுவோம். நான் உனக்கு இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பு.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து என் மேஜையைத் தட்டினாய். "எம்சிஏ, வா. அடையாறு போலாம். அவர் வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் கீது."

உன் அப்பாவின் ஸ்கூட்டர் போகிற வழியெல்லாம் பட்டையும் கிராம்பும் மணத்தது. நந்தனத்தைத் தாண்டும்போது, "இன்னா பண்ணப் போற?" என்று கேட்டேன், உன்னைப் போலவே.

"அந்த கைதி நம்பருங்களுக்கு எல்லாம் பேரு வெக்கப் போறேன்."

"கண்டுபிடிச்சாலும், நீயே இப்போ மாத்திட்டேன்னு சொல்லுவாரே."

"அதான், நான் கண்டுபுடிக்க மாட்டேன். அந்தம்மா கண்டுபுடிக்கட்டும்."

கூடத்தில் போய் உட்கார்ந்ததும், கையோடு கொண்டுவந்த பட்டியலை விரித்தாய். ஒவ்வொரு கே எண்ணுக்கும் எதிரில், அது எங்கேயிருந்து வருகிறது என்று பென்சிலில் எழுதியிருந்தாய். தட்டியது தட்டியபடியே வருவதற்கெல்லாம் பச்சை. மேடத்தின் டிக் விழுந்து வருவதற்கெல்லாம் வெந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்ப் பெயர்கள். பச்சை_வகை, வெந்த_வகை, பச்சை_சர்க்கரை, வெந்த_சர்க்கரை. கே 7 எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஒரே கட்டளையில் புதுப் பெயர் போய் உட்கார்ந்தது. வரி எதையும் நீ தொடவில்லை. என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, "பாத்துக்கோ, பேர மட்டுந்தான் மாத்தறேன்" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாய். அந்த நிரலே ஐந்து தாளாக அச்சானது. அதை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனாய்.

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பச்சை, வெந்ததுன்னு... என்னப்பா இது, லேப்ல சமைச்சிண்டிருக்கியா?"

"ஆமா மேடம். டைப் அடிச்சவங்க அடிச்சது பச்சை. நீங்க டிக் போட்டது வெந்தது. பேஷண்ட் கைக்குப் போறதுல பச்சை வரவே கூடாது. நீங்க பிரிண்ட்னு கீற வரிங்கள மட்டும் பாருங்க, போதும்."

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதே."

"சமைக்கத் தெரியும்ல மேடம்?"

"எங்காத்துல வந்து கேளு, சொல்லுவா" என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். முப்பது வருடம் பதிவேடு பார்த்த கண். முதல் தாளைத் திருப்பினார், இரண்டாவதைத் திருப்பினார். மூன்றாவதில் பேனா நின்றது. "இந்த வரில பிரிண்ட்டுன்னு இருக்கு. பக்கத்துல பச்சைன்னு இருக்கே. இது வரலாமோ?"

நண்பா, எனக்கு வாழ்க்கையில் நிறையப் பரிசுகள் கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. ஆனால் அந்த நொடியை நான் பார்த்தேன். நீ இரண்டு நாள் தேடியும், எம்.சி.ஏ. படித்த நான் மாற்றியவரின் பின்னாலேயே நின்றும் அகப்படாத வரியை, கணினியைத் தொட்டால் கை கழுவுகிற ஓர் அம்மாள் ஐந்து நிமிடத்தில் பேனாவால் குத்திவிட்டார். நீ தாளை வாங்கிப் பார்த்து, மெதுவாக, "வரக்கூடாது மேடம்" என்றாய்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் உள்ளே வந்தார். கையில் உறை. மேடம் தாளை நீட்டினார். அவர் அந்த வரியைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் வெளுத்ததை நான் கவனித்தேன். ஆனால் மனிதர் கெட்டிக்காரர். "பாத்தீங்களா மேடம்? இவன் எழுதின வரி. அதான் ஆளையே எடுத்துட்டோம்" என்று உறையை மேஜையில் வைத்தார்.

நீ, "சத்தியமா நான் இத எழுதல சார்" என்றாய். உனக்கு அவ்வளவுதான் தெரியும்.

நான் வீரன் அல்ல. அந்தக் குழுத் தலைவர் நாற்காலியை அந்த நொடியிலும் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு என் வாய் தானாகத் திறந்தது.

"இவன் எழுதல. திங்கட்கிழமை காலைல நீங்க மாத்தினீங்க சார், இதே நாற்காலில உக்காந்து. நான் உங்க பின்னாடி நின்னேன். டெமோவுக்குத்தானேன்னு சொன்னீங்க."

"என்ன உளர்றே? யாருக்கு ஞாபகம் இருக்கு அதெல்லாம்?"

மேடம் பேனாவை மூடினார். "திங்கட்கிழமையா? அன்னிக்கு நான் லீவாச்சே. டிக் போடவே இல்லையே நான். டைரக்டர் ரூம்ல கட்டுக் கட்டாப் பேப்பர் இருக்கே, அதெல்லாம் எப்படி வந்துது?"

"அது... ஒரு சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்..." என்றார் மேலாளர். மேடம் அந்த உறையைப் பிரிக்காமலே அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "இதை நீங்களே வெச்சுக்கோங்கோ. இந்தப் பிள்ளை இருந்தா உங்க கம்பெனி இங்க வரலாம். இந்தப் பேரெல்லாமும் இப்படியே இருக்கணும். எனக்குப் புரியறது."

நீ உட்கார்ந்து அந்த வரியில் பச்சையை எடுத்துவிட்டு வெந்ததைப் போட்டாய். தாள் வந்தது. ரத்த வகை சரியாக இருந்தது. மேடம் அதைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்து, கையெழுத்திட்டார்.

திரும்பும்போது கோட்டூர்புரம் பாலத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு விரலை வாயில் வைத்து நீ அடித்த விசிலுக்கு, எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பதில் சொன்னான். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மயிலாப்பூரில் வளர்ந்தவன் நடுரோட்டில் கத்தியது அதுதான் முதல் தடவை. சிரித்து ஓய்ந்த பிறகு நீ கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஆற்றைப் பார்த்தபடி கேட்டாய்.

"திங்கக்கெழமையே உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"புதங்கெழமை டீ வாங்கிக் குடுத்தியே, அப்பவும்?"

"அப்பவும்."

நீ வண்டியை உதைத்தாய். "ரெண்டு நாள் லேட்டு நைனா. ஆனா மூஞ்சிக்கு நேரா சொன்ன பாரு. ஏறு."

அதற்குப் பிறகு ஒருமுறைகூட நீ அதைப் பேசவில்லை. மேலாளரையும் மன்னித்துவிட்டாய். அவர் வீட்டு விசேஷத்துக்கு உன் அப்பாவே போய் பிரியாணி ஆக்கிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டு, உன்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். "தப்பு தெரிஞ்சுடுச்சு, சரி பண்ணியாச்சு. இன்னும் இன்னாத்துக்கு ஆளப் புடிச்சுக்கினு தொங்கற?" என்றாய். நான் தொங்குவேன். அடுத்த வருடம் உன் பெயரிடும் முறையை அழகாக அச்சிட்டு, அலுவலக விதி என்று கீழே தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டாரே, அதை உன்னால் மறக்க முடிந்தது. என்னால் முடியவில்லை. எனக்கு அந்தக் குழுத் தலைவர் பதவி வரவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. இரண்டையும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன், எந்தத் தேய்மானமும் இல்லாமல்.

அதற்குப் பிறகு நான்கு நிறுவனங்கள் பார்த்துவிட்டேன். எனக்குக் கீழே வேலை கற்றவர்கள் இன்று எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால், வாயக் கொஞ்சம் மூடேன் என்பாய். உன்னால்தான் இந்த வாய் திறந்தது. மொழிகள் மாறிவிட்டன, பெர்லை இப்போது யாரும் சீந்துவதில்லை. ஆனால் என் நிரலில் சரிபார்க்காத எந்த விவரமும் சரிபார்த்தது மாதிரி பெயர் வைத்துக்கொண்டு நடமாடியதில்லை. உன் இரண்டு சொற்களைத்தான் இன்னும் அடிக்கிறேன். வடக்கேயிருந்து வந்த சகாக்கள் அர்த்தம் கேட்பார்கள். சொல்வேன். சிரிப்பார்கள். மூன்றாம் வாரம் அவர்களும் அதையே அடிப்பார்கள்.

போன மாதம் ஒரு கூட்டம். பன்னிரண்டு பேர். அவசரமாகச் செய்த ஒரு மாற்றத்தால் எங்கள் நிரல் ஒன்று ஒரு நாள் முழுக்க நின்றுபோயிருந்தது. என்னோடு எட்டு வருடமாக வேலை செய்யும் ஒரு பெண்மணியின் பெயரைத் திரையில் போட்டு, இவர் பொறுப்பு என்றான் எங்கள் தலைவன். அவர் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிப்பவர். முதல் நாள் அந்த மாற்றத்தைச் செய்யச் சொல்லி அவரை அவசரப்படுத்தியது அந்தத் தலைவன்தான். அன்று அவன் அப்படிச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மற்ற ஒன்பது பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை, நான் எழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், நாள், நேரம், அவன் சொன்ன வார்த்தை உட்பட. அந்தப் பெண்மணியின் பெயர் திரையிலிருந்து போனது. இந்த வருடமும் எனக்குப் பதவி உயர்வு கிடையாது, அது உறுதி. நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தபோது எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. உனக்கு போன் போட்டு, இந்தத் தடவை ரெண்டு நிமிஷம்கூட லேட் பண்ணலடா என்று சொல்ல வேண்டும்.